குடும்ப மருத்துவரின் துணையோடு மனநல ஆலோசனைக்குச் செல்வது எப்படி

தமிழ்நாட்டில் மனம் சோர்ந்துபோன ஒருவர் முதலில் தேடிப் போவது பெரும்பாலும் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ அல்ல, தெருமுனைக் கிளினிக்கில் மாலை வேளையில் உட்காரும் குடும்ப மருத்துவரைத்தான். அங்கேயும் அவர் மனத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, பின்மண்டை வலிக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமே இல்லை என்றுதான் தொடங்குகிறார். இசிஜி எடுக்கிறார்கள், தைராய்டு பார்க்கிறார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது. சத்து மாத்திரையும் சில நாளைக்குத் தூக்க மாத்திரையும் எழுதித் தருகிறார்கள். மூன்று வாரத்தில் அதே அசதியோடு அவர் திரும்பி வருகிறார். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர வேண்டுமென்றால் ஆலோசனை என்ற வழியைப் பற்றி அந்த அறையில் யாராவது ஒருவர் வாய் திறக்க வேண்டும். அந்தப் பொறுப்பு பெரும்பாலும் நோயாளியின் மேலேயே விழுவதால், இந்த வழிகாட்டியை அவருக்காகவும் அவரை அழைத்துச் செல்லும் குடும்பத்தாருக்காகவும் எழுதுகிறேன்.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்ந்தார்கள். நோயின் வகையைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாதவர்கள். சிகிச்சை பெறாதவர்கள் என்பதால் மருத்துவரையே பார்க்காதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஆலோசகராக வேலை செய்யும் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர், அதற்கு முன் பல மாதங்கள் ஒரு குடும்ப மருத்துவரிடம் போய்வந்துகொண்டிருந்தவர்கள்தாம்.

வேறு எதையும் சொல்வதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், அல்லது வீட்டில் ஒருவர் அப்படிப் பேசினால், பரிந்துரைக் கடிதத்துக்கும் முன்பதிவுக்கும் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற எண்ணில் இயங்கும், தொலைபேசியில் மனநல உதவி தரும் அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 முதல் நடந்துவருகிறது. கட்டணம் இல்லை, நாள் முழுவதும் பேசலாம், தமிழிலும் பேசலாம். ஆபத்து கண்ணெதிரே இருந்தால் அந்த நபரைத் தனியாக விடாமல் 108ஐ அழைத்து, பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். வழக்குப் போடுவார்களோ என்ற அச்சத்தில் தாமதிக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும் என்றும், வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

மருத்துவர் என்ன நினைக்கிறார்

குடும்ப மருத்துவர்களுக்கு ஆலோசனையில் நம்பிக்கை இல்லை என்ற பேச்சு பரவலாக உண்டு. அவர்களோடு பேசிப் பழகிய அளவில் நான் அதை ஏற்பதில்லை. பேச்சால் மனம் தெளியும் என்பதை மற்ற எவரையும்விட அவர்கள் நன்றாக அறிவார்கள்; பல நாள் வராத தூக்கம், மருத்துவர் பத்து நிமிடம் காதுகொடுத்துக் கேட்ட அன்றே வந்துவிடுவதை அவர்கள் கண்ணால் பார்க்கிறவர்கள். அவர்களது தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. யாரிடம் அனுப்புவது, அனுப்பினால் அங்கே என்ன நடக்கும், என்ன நடந்தது என்று தமக்கு யார் சொல்வார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாத நிலையில், தம்மை நம்பி வந்தவரைக் கைவிட்டது போலாகிவிடுமோ என்று அஞ்சுகிறார்கள்.

இந்த மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது என்பது என் எண்ணம். இதய மருத்துவரிடம் ஒரு நோயாளியை அனுப்பினால் எக்கோ முடிவும் மருந்துப் பட்டியலும் கோப்பில் திரும்பி வருகின்றன. ஆலோசகரிடம் அனுப்பினால் பெரும்பாலும் ஒரு வரிகூட வருவதில்லை. ரகசியம் காக்கிறோம் என்று ஆலோசகர்களாகிய நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். மருத்துவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் நோயாளி கிணற்றில் போட்ட கல்லாகிவிடுகிறார். இப்படி இரண்டு மூன்று முறை நடந்தபின் ஒரு மருத்துவர் ஆலோசனைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தகுதியைப் பற்றிய ஐயமும் நியாயமானதே. மருத்துவ உளவியலாளர் என்று பதிவு பெற, இந்தியப் புனர்வாழ்வுக் கழகம் ஏற்ற படிப்பை முடித்திருக்க வேண்டும். ஆனால் ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டுகிறவரிடம் நடைமுறையில் யாரும் உரிமம் கேட்பதில்லை. ஈராண்டு முதுநிலைப் படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் பெற்றவரும் அந்தப் பலகைதான் மாட்டுகிறார். வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் அதைத்தான் மாட்டுகிறார்.

இன்னொரு தயக்கத்தை மருத்துவர்கள் வெளியில் சொல்வதில்லை. ‘கவுன்சலிங் போய்ப் பாருங்கள்’ என்றால், ‘என்னைப் பைத்தியம் என்கிறாரா’ என்று நோயாளி கோபித்துக்கொண்டு வேறு மருத்துவரிடம் போய்விடுவார் என்பதே அது. அவரோடு மொத்தக் குடும்பமும் போய்விடக்கூடும். அதனால் நோயாளியே முதலில் கேட்டுவிட்டால் மருத்துவருக்குப் பாதி பாரம் இறங்கிவிடுகிறது. மேலும், இன்று மூத்தவர்களாக இருக்கும் பல மருத்துவர்கள் எம்பிபிஎஸ் படித்த காலத்தில் மனநலத்துக்குத் தனித் தேர்வு இருக்கவில்லை, மருத்துவமனைப் பயிற்சியும் சில வாரங்களோடு முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆலோசனையால் பலன் உண்டா என்று மருத்துவர் கேட்டால் அதற்கு நேர்மையான பதில் இருக்கிறது. குடும்ப மருத்துவச் சூழலில் தரப்படும் ஆலோசனை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் பன்னாட்டு அமைப்பு காக்ரேன்), வழக்கமான மருத்துவக் கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட ஆலோசனையும் பெற்றவர்கள் முதல் சில மாதங்களில் அதிகமாகத் தேறினார்கள் என்றும், நீண்ட காலத்தில் அந்த வேறுபாடு தெரியவில்லை என்றும் கண்டது. சில மாதத் துன்பம் குறைவதே வேலையை இழக்காமல் இருப்பதற்கும் குடும்பம் முறியாமல் இருப்பதற்கும் போதுமானதாக இருக்கலாம் என்பதால் நான் இதைச் சிறிய பலனாகக் கருதவில்லை.

நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வும் இங்கே பொருந்தும். மனநல ஆய்வாளர் விக்ரம் படேலும் அவரது குழுவினரும் கோவாவில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தனியார் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளிலும், பயிற்சி தரப்பட்ட உள்ளூர் ஆலோசகர்களை அமர்த்திப் பார்த்தார்கள். முடிவு 2010இல் வெளியானது. அரசு நிலையங்களில் ஆலோசகர் இருந்த இடங்களில் கூடுதலான பேர் குணமடைந்தார்கள். தனியார் மருத்துவர்களிடம் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் பழகிய மருத்துவரின் கவனிப்பே அங்கு ஒரு பகுதி வேலையைச் செய்துவிடுகிறது என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன். ஆகவே ஆலோசகர் கிடைத்துவிட்டார் என்பதற்காகக் குடும்ப மருத்துவரை விட்டுவிடாதீர்கள்.

போவதற்கு முன்

ஒரு தாளில் நான்கைந்து வரி எழுதிக்கொள்ளுங்கள்: எப்போதிலிருந்து, தூக்கம் எத்தனை மணி நேரம், பசி எப்படி, வேலையில் எது தடைப்படுகிறது, ஏற்கெனவே என்னென்ன மாத்திரை. மது அருந்தும் பழக்கம் இருந்தால் அதையும் எழுதுங்கள். அதை மறைத்தால் தூக்க மாத்திரை எழுதும்போது ஆபத்து நேரலாம். பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 பற்றாக்குறை ஆகியவை மனச்சோர்வைப் போலவே தோன்றக்கூடியவை என்பதால், மருத்துவர் முதலில் அவற்றைப் பார்க்க விரும்புவது முறையே.

மனச்சோர்வின் அளவைக் காட்டும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாள் தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வு இருக்கக்கூடும், மருத்துவர் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். நோய் இதுதான் என்று அந்த எண்ணே தீர்ப்புச் சொல்வதில்லை. சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று சர்க்கரை அளவைக் குறித்துவரும் நோயாளியை மருத்துவர் எவ்வளவு விரும்புவாரோ, மாதந்தோறும் இந்த எண்ணைத் தேதியோடு குறித்துவருபவரையும் அவ்வளவு விரும்புவார். ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணத்தையும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. அதில் 0 தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அறைக்குள்

டோக்கன் வரிசை நீளமாக இருக்கும் நாளில் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டாம். கிளினிக்கில் சீட்டு எழுதுபவரிடம், ‘டாக்டரிடம் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசணும், எந்த நாள் வந்தால் வசதி?’ என்று கேட்டால், கூட்டமில்லாத நேரத்தைச் சொல்லுவார். கடைசி டோக்கனாகப் போவதும் நல்ல வழி.

நம் ஊரில் நோயாளி தனியாக உள்ளே போவது குறைவு. மாமியாரோ கணவரோ அண்ணனோ கூடவே உட்காருவார்கள். அவர்களுக்கும் இதே மருத்துவர்தான் ரத்தக்கொதிப்புக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார். நான் பார்த்த ஒரு சந்திப்பை, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்குக் கையில் நடுக்கம். ‘என்னம்மா, போன வாரம்தானே வந்தீங்க?’ என்று மருத்துவர் கேட்டார். பதில் மாமியாரிடமிருந்து வந்தது: ‘ஒண்ணுமில்ல சார், சரியா சாப்பிடறதில்ல, அவ்வளவுதான்.’ அந்தப் பெண் தலையை ஆட்டினாள். மருத்துவர் ரத்த அழுத்தக் கருவியைக் கையில் கட்டியபடி, ‘அத்தை கொஞ்சம் வெளிய உட்காருங்க, வயித்தைப் பரிசோதிக்கணும்’ என்றார். கதவு மூடியபின் அவள் சொன்னது வயிற்றைப் பற்றி அல்ல. எல்லா மருத்துவருக்கும் இந்தச் சாமர்த்தியம் வாய்ப்பதில்லை என்பதால், நீங்களே கேட்டுக்கொள்ளலாம்: ‘டாக்டர், இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும்.’ கூட வருகிறவர்கள் இதைத் தங்களுக்கு நேர்ந்த அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் எழுந்து வெளியே போவது, நோயாளிக்குச் செய்யும் பெரிய உதவி.

தனியாக இருக்கும்போது, சொன்னது வீட்டுக்குப் போகக் கூடாது என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் மனநலம், சிகிச்சை பற்றிய செய்திகளை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. குடும்பத்துக்கே வேண்டியவராக இருக்கும் மருத்துவர், நல்லெண்ணத்தால்கூட, உங்கள் மாமனாரிடம் ‘பொண்ணைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்று சொல்லிவிடுவது உண்டு. அது நேராமல் தடுக்க உங்கள் ஒரு வாக்கியம் போதும்.

கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள்: ‘பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு மனம் சரியில்லை என்று தோன்றுகிறது. மருந்தோடு சேர்த்தோ தனியாகவோ ஆலோசனை எடுத்தால் பலன் இருக்குமா? உங்களுக்கு நம்பிக்கையான ஆலோசகர் யாராவது இருக்கிறார்களா?’

மருத்துவர் சம்மதிக்காவிட்டால்

‘நானே சொல்கிறேனே, அதற்கு எதற்குத் தனியாக ஒருவர்?’ என்பது அடிக்கடி வரும் பதில். நடைப்பயிற்சி போ, கவலைப்படாதே, கோயிலுக்குப் போய்விட்டு வா என்று மருத்துவர் சொல்வது அக்கறையான அறிவுரை. ஆலோசனையில் நடப்பது வேறு. வாரம் ஒரு முறை ஏறத்தாழ முக்கால் மணி நேரம், ஆறு முதல் பன்னிரண்டு அமர்வுகள். எந்த நேரத்தில் எந்த எண்ணம் வருகிறது, அது வந்ததும் எதைச் செய்யாமல் விட்டுவிடுகிறீர்கள் என்பதை நோட்டில் எழுதி, விட்டுவிட்ட செயல்களைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்கும் வேலை அது. மருத்துவரை மறுத்துப் பேசாமல், ‘நீங்கள் சொன்னதைச் செய்ய முடியாமல் போவதால்தான், கூடவே இருந்து பழக்கப்படுத்த ஒருவர் வேண்டும் என்று நினைக்கிறேன்’ என்று சொல்லலாம்.

‘முதலில் மாத்திரை சாப்பிடுங்கள்’ என்றால், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடுமையான மனச்சோர்வு, காதில் குரல்கள் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற நம்பிக்கை, தூக்கமே தேவைப்படாத மிகையான உற்சாகம் ஆகியவை இருந்தால் மருத்துவர் சொல்வதுதான் சரி. அங்கே ஆலோசகருக்கு முன்பு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். லேசான, நடுத்தரமான சோர்வுக்கு ஆலோசனையிலிருந்தே தொடங்கலாம். தூக்க மாத்திரை மட்டும் மாதக்கணக்கில் நீண்டுகொண்டே போனால், எப்போது நிறுத்தப்போகிறோம் என்று கேட்பது உங்கள் உரிமை. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் பழக்கமாகிவிடக்கூடியவை. நாள்பட எடுத்தவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

எவ்வளவு சொல்லியும் கதவு திறக்காவிட்டால், கடிதம் இல்லாமலும் ஆலோசனைக்குப் போகலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநல வெளிநோயாளர் பிரிவிலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது.

கடிதம்

மருத்துவர் சம்மதித்ததும் ஆலோசகரின் பெயரை வாய்மொழியாக மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலாவது சில வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத அவருக்கு நேரமில்லையென்றால் இப்படி ஒன்றை நீங்களே எழுதிக்கொண்டுபோய்த் திருத்திக் கையொப்பமிடச் சொல்லலாம்:

‘அன்புடையீர், 34 வயதுடைய இவர் என்னிடம் பல ஆண்டுகளாக வருபவர். கடந்த இரண்டு மாதங்களாகத் தூக்கமின்மை, படபடப்பு, வேலையில் நாட்டமின்மை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, இசிஜி இயல்பாக உள்ளன. பிஎச்க்யூ-9 மதிப்பெண் 13. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டேன், இல்லை என்கிறார். மருந்து இதுவரை தொடங்கவில்லை. நான்காவது அமர்வுக்குப் பிறகு உங்கள் கருத்தைச் சில வரிகளில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு இவர் சம்மதித்துள்ளார்.’

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். ஆலோசகர் திரும்பிப் பேச வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எழுத்தில் இருந்தால்தான் அவர் எழுதுவார்.

ஆலோசகரைத் தேர்வது

முதல் அமர்விலேயே மூன்றைக் கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள், என் நிலை மோசமானால் யாரிடம் அனுப்புவீர்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் புனர்வாழ்வுக் கழகப் பதிவு எண்ணைக் கேட்கலாம். நல்ல ஆலோசகர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். மாத்திரையை உடனே தூக்கி எறியுங்கள் என்று சொல்பவரிடமும், ஜாதகம் பார்த்து நாள் குறிப்பவரிடமும், முதல் நாளே இருபது அமர்வுக்கான பணத்தைக் கட்டச் சொல்பவரிடமும் இரண்டாம் முறை போக வேண்டாம். மருந்து எழுதும் அதிகாரம் மருத்துவருக்கே உண்டு. உளவியலாளருக்கோ ஆலோசகருக்கோ இல்லை.

திரும்பி வருவது

நான்காவது அமர்வு முடிந்ததும் ஆலோசகரிடம் குறிப்பைக் கேட்டு வாங்கி, மருத்துவரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அதில் உங்கள் வீட்டுக் கதை இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. எத்தனை அமர்வுக்கு வந்தீர்கள், முன்னேற்றம் உண்டா, ஆபத்தான எண்ணம் இருக்கிறதா, மருந்து பற்றி மருத்துவர் யோசிக்க வேண்டுமா என்ற நான்கும் இருந்தால் போதும். எழுதியதை உங்களுக்குப் படித்துக்காட்டியபின் தரச் சொல்லுங்கள். இப்படி ஒரு தாள் கோப்பில் சேர்ந்ததும், அடுத்த நோயாளியை அனுப்பும்போது அந்த மருத்துவருக்கு இருக்கும் தயக்கம் குறைவதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

மனச்சோர்வுக்கான மருந்தும் கூடவே தொடங்கியிருந்தால், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும் என்பதை வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள். முதல் வாரத்தில் வரும் குமட்டலைப் பார்த்து, ‘இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்திவிடுபவர்கள் அதிகம்; நிறுத்துவதற்கு முன் மருத்துவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். மனம் தேறியபிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர்வதே வழக்கம். குறைப்பதை மருத்துவர் படிப்படியாகச் செய்வார், அந்தக் காலத்தில் ஆலோசகரை மாதம் ஒரு முறையாவது பார்ப்பது நல்லது.

கடைசி அமர்வில், சோர்வு திரும்புவதற்கு முன் உங்களுக்கு எந்த அறிகுறி முதலில் வருகிறது என்று ஆலோசகரோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது விடியற்கால விழிப்பு, இன்னொருவருக்கு அம்மாவின் அழைப்பை எடுக்காமல் விடுவது. அந்த வரியையும் ஆலோசகரின் தொலைபேசி எண்ணையும் குடும்ப மருத்துவரின் கோப்பில் தேதியோடு குறித்துவைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை நீங்கள் ‘கை கால் அசதி, டாக்டர்’ என்று போய் உட்காரும்போது எந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.